ஸ்லேயரை எந்த ஆல்பத்தில் தொடங்கலாம்?

அக்கா மகன் சம்பளம் வாங்க ஆரம்பித்ததும் முதலில் வாங்கியது ஒரு ரெக்கார்டு பிளேயர். மெட்டல் என்ற கனமான ராக் இசையை வாசிக்கும் மெட்டாலிகா குழுவின் முதல் நான்கு ஆல்பங்களையும் போனில் கேட்டுக் கேட்டு மனப்பாடமே செய்துவிட்டான். அடுத்து அதே வகைக் குழுவான ஸ்லேயர் பக்கம் ஆசை வந்திருக்கிறது. “மாமா, இப்போதைக்கு ஒரே ஒரு தட்டுதான் வாங்க முடியும். எதை வாங்கட்டும்?” என்று கேட்டான். இறக்குமதியாகி வரும் தட்டு ஒன்றுக்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகிறது. தப்பாகச் சொல்லிவிட்டால் அவன் பணமும் வீண், புதிதாக வந்த ஆசையும் வீண். அதனால் உடனே பதில் சொல்லாமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து எல்லாவற்றையும் வரிசையாகக் கேட்டேன். இருபது வருடமாக நான் கேட்டுவரும் ஆல்பங்கள்தான். ஆனால் முதன்முதலாகக் கேட்பவனுக்கு இது எப்படி இருக்கும் என்ற யோசனையோடு கேட்டது அன்றுதான்.

ஸ்லேயர் 1981இல் கலிபோர்னியாவின் ஹண்டிங்டன் பார்க்கில் தொடங்கிய குழு. 2019 நவம்பரில் விடைபெற்று, 2024இல் மறுபடி மேடையேறினார்கள். மொத்தம் 12 ஸ்டூடியோ ஆல்பங்கள். அதில் பாதிக்கு மேல் முதல் வடிகட்டலிலேயே போய்விடும்.

1983இல் வந்த ‘ஷோ நோ மெர்சி’ எனக்கு மிகவும் பிரியமானது. பாடகரும் பாஸ் கிட்டார் வாசிப்பவருமான டாம் அராயா அப்போது மருத்துவமனையில் சுவாசச் சிகிச்சைப் பணியாளராக வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய சேமிப்பும் கிட்டார் கலைஞர் கெர்ரி கிங்கின் அப்பா கொடுத்த கடனும் சேர்ந்துதான் அந்த ஆல்பம் ஆனது. அதில் இருக்கிற துடிப்பு எனக்கு இன்றும் பிடிக்கும். ஆனால் அயர்ன் மெய்டன், ஜூடாஸ் பிரீஸ்ட், வெனம் குழுவினர் எல்லோரும் அதில் கொஞ்சம் கொஞ்சம் கேட்கிறார்கள். ஸ்லேயர் இன்னும் முழுதாக ஸ்லேயர் ஆகவில்லை. 1985இன் ‘ஹெல் அவெய்ட்ஸ்’ நீண்ட பாட்டுகளும் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோன்ற எதிரொலியும் கொண்டது. பழகிய காதுக்கு அது விருந்து, புதுக் காதுக்கு ஒரே இரைச்சல்.

1990க்குப் பிறகு வந்தவற்றையும் இப்போதைக்கு ஒதுக்கிவிடலாம். டிரம்ஸ் கலைஞர் டேவ் லொம்பார்டோ விலகிய பின் பால் போஸ்டாஃப் வாசித்த ‘டிவைன் இன்டர்வென்ஷன்’ நல்ல, கோபமான ஆல்பம். ‘காட் ஹேட்ஸ் அஸ் ஆல்’ 2001 செப்டம்பர் 11 அன்றே கடைக்கு வந்தது. லொம்பார்டோ திரும்பி வந்து வாசித்த ‘கிறைஸ்ட் இல்யூஷன்’ 2006இல் இந்தியாவிலும் வெளியாகி, அட்டைப்படத்துக்கு மும்பைக் கிறிஸ்தவ அமைப்பு ஒன்று எதிர்ப்புத் தெரிவித்ததால் திரும்பப் பெறப்பட்டது. எல்லாவற்றிலும் நான் விரும்பிக் கேட்கும் பாட்டுகள் உண்டு. ஆனால் வீட்டுக்குள் நுழைகிறவனை மாடி அறையிலிருந்து வரவேற்க முடியாது.

ஆக மிச்சம் மூன்று: 1986இன் ‘ரெய்ன் இன் பிளட்’, 1988இன் ‘சவுத் ஆஃப் ஹெவன்’, 1990இன் ‘சீசன்ஸ் இன் தி அபிஸ்’. மூன்றிலும் அதே நால்வர்தான்: அராயா, கிங், லொம்பார்டோ, இன்னொரு கிட்டாரில் ஜெஃப் ஹேன்மன். ஒலிப்பதிவில் ரிக் ரூபினும் ஆண்டி வாலஸும், அட்டை ஓவியத்தில் லாரி கேரலும் மூன்றுக்கும் பொது. அதனால்தான் இவற்றை ஒப்பிடுவதில் அர்த்தம் இருக்கிறது. ஒரே கைகள், ஒரே காதுகள், மூன்று வேறு முடிவுகள்.

யாரிடம் கேட்டாலும் முதலில் சொல்வது ‘ரெய்ன் இன் பிளட்’. பத்துப் பாட்டு, மொத்தம் 29 நிமிடத்துக்கும் இரண்டு நொடி குறைவு. கேசட்டாக வந்தபோது முழு ஆல்பமும் ஒரே பக்கத்தில் அடங்கிவிட்டது. மறுபக்கத்திலும் அதையே மறுபடி பதிந்து கொடுத்தார்கள். ரூபின் அதுவரை ஹிப்-ஹாப் ஆல்பங்கள் செய்துகொண்டிருந்தவர். டெஃப் ஜாம் அவருடைய நிறுவனம். மெட்டல் இசையில் அன்று எல்லோரும் வாரி இறைத்த எதிரொலியை அவர் மொத்தமாகத் துடைத்து எறிந்தார். அதனால்தான் இவ்வளவு வேகத்திலும் ஒவ்வொரு அடியும் தனியாகக் காதில் விழுகிறது. ‘ஹெல் அவெய்ட்ஸ்’ கேட்ட கையோடு இதைப் போட்டால், கண்ணாடியில் படிந்த ஆவியைக் கையால் துடைத்த மாதிரி இருக்கும்.

இதில் முதல் பாட்டும் கடைசிப் பாட்டும் மட்டும் நான்கு நிமிடத்தைத் தாண்டுகின்றன. நடுவில் எட்டுப் பாட்டுகள் சுமார் இருபது நிமிடத்தில் ஓடிவிடும். ‘நெக்ரோஃபோபிக்’ இரண்டு நிமிடம்கூட இல்லை. முதல் பாட்டு ‘ஏஞ்சல் ஆஃப் டெத்’, ஆஷ்விட்ஸ் முகாமில் கைதிகளை வைத்துக் கொடூரச் சோதனைகள் செய்த யோசஃப் மெங்கலே பற்றியது. இதைக் காரணம் காட்டித்தான் கொலம்பியா நிறுவனம் ஆல்பத்தை விநியோகிக்க மறுத்து, அது கெஃபன் என்ற வேறு நிறுவனம் வழியாக வெளிவந்தது. நாஜி ஆதரவாளர்கள் என்ற குற்றச்சாட்டும் அன்றிலிருந்து குழுவைத் தொடர்ந்தது. அவர்கள் அதை மறுத்தே வந்தார்கள். பாட்டு நடந்ததைச் சொல்கிறது, புகழவில்லை என்பதுதான் என் வாசிப்பும். ஆனாலும் அதைக் கேட்டுவிட்டு ஒரு நிமிடம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கிறது. புதிதாக வருகிற பையனிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்று நினைக்கிறேன்.

இவ்வளவு புகழ்ந்துவிட்டு ஏன் முதலில் வேண்டாம் என்கிறேன்? காரணம் நான் பட்ட அனுபவம்தான். கல்லூரி நண்பன் ஒருவன் கொடுத்த சிடியில் எனக்கு முதலில் கிடைத்தது இதுதான். முதல் பாட்டு பிடித்தது, கடைசிப் பாட்டு பிடித்தது. நடுவில் இருந்த எட்டும் ஒரே பாட்டாகக் கேட்டது. ‘ஆல்டர் ஆஃப் சாக்ரிஃபைஸ்’ எங்கே முடிந்து ‘ஜீசஸ் சேவ்ஸ்’ எங்கே தொடங்குகிறது என்று பிடிபடவே எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. குறை ஆல்பத்தில் இல்லை. அந்த வேகத்தில் நடப்பதைப் பிரித்துக் கேட்கக் காது பழகியிருக்க வேண்டும், என் காது பழகியிருக்கவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். ‘ஏஞ்சல் ஆஃப் டெத்’ பாட்டின் நடுவில் வேகம் சட்டென்று பாதியாகி, ஒரு கனமான ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வாசிக்கும் கிட்டார் வரி, வரும். பப்ளிக் எனிமி என்ற ஹிப்-ஹாப் குழு 1988இல் தங்கள் பாட்டுக்கு எடுத்துக்கொண்டது அந்த இடத்தைத்தான். 29 நிமிட மின்னல் வேகத்தில் முதல் தடவையே மனதில் ஒட்டிக்கொள்வது வேகம் குறைகிற இடங்கள். கடைசிப் பாட்டான ‘ரெய்னிங் பிளட்’ தொடக்கத்தில் மழைச் சத்தத்துக்கு நடுவே டிரம்ஸில் மும்மூன்றாக விழும் அடியும் அப்படித்தான்.

அடுத்து ‘சீசன்ஸ் இன் தி அபிஸ்’. நியாயமாகப் பார்த்தால் இதைத்தான் சொல்ல வேண்டும். எனக்கும் அன்று மாலை வரை இதுதான் விடை என்று தோன்றியது. தொடக்கப் பாட்டு ‘வார் என்செம்பிள்’ முழு வேகம். ‘டெட் ஸ்கின் மாஸ்க்’ நடை வேகம், மெட்டு ஒருமுறை கேட்டாலே நிற்கிறது. எட் கீன் என்ற அமெரிக்கக் கொலைகாரனைப் பற்றிய பாட்டு அது. கடைசியில் பின்னணியில் ஒரு பிள்ளைக் குரல் வெளியே விடச் சொல்லிக் கதறும். இரவில் ஹெட்போனில் கேட்டால் எனக்கு இன்றைக்கும் முதுகு சில்லிடும். தலைப்புப் பாட்டு ஆறரை நிமிடம். அதற்காக எகிப்தின் கீசா பிரமிடுகளுக்கு எதிரே எடுத்ததுதான் குழுவின் முதல் வீடியோ. முந்தைய இரண்டிலும் ஒலிப்பதிவுப் பொறியாளராக இருந்த வாலஸ் இதில் தயாரிப்பிலும் பங்கு பெற்றார். அடுத்த வருடம் நிர்வானா என்ற ராக் குழுவின் ‘நெவர்மைண்ட்’ ஆல்பத்துக்கு ஒலிக் கலவை செய்து கொடுத்தவரும் இவர்தான். மூன்றில் ஒலி மிகவும் சுத்தமாக இருப்பதும் இதில்தான்.

அப்படியிருந்தும் ஏன் தயங்கினேன்? இது பக்குவப்பட்ட சமையல். ‘ரெய்ன் இன் பிளட்’டின் வேகத்தையும் ‘சவுத் ஆஃப் ஹெவன்’ ஆல்பத்தின் கனத்தையும் அளவறிந்து சேர்த்திருக்கிறார்கள். அந்த இரண்டையும் தனித்தனியாக ருசித்தவனுக்குத்தான், சேர்ந்தபோது என்ன நடந்தது என்று தெரியும். இதிலேயே தொடங்குகிறவனுக்கு இது ஒரு நல்ல மெட்டல் ஆல்பம், அவ்வளவுதான். இதில் தொடங்கி இதிலேயே நின்றுவிட்ட இரண்டு பேரை எனக்குத் தெரியும். “ஸ்லேயர் நல்லா இருக்கு” என்று சொல்லிவிட்டு வேறு குழுவுக்குப் போய்விட்டார்கள். இரண்டாம் பக்கத்தில் ‘டெம்ப்டேஷன்’ வரும் நேரத்தில் எனக்கே கவனம் கொஞ்சம் சிதறுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்புறம் ‘சவுத் ஆஃப் ஹெவன்’. ரசிகர்கள் இந்த மூன்றில் மூன்றாவதாகச் சொல்வது. கெர்ரி கிங்கே பேட்டிகளில் இந்த ஆல்பத்தைப் பற்றி ஆர்வமில்லாமல்தான் பேசியிருக்கிறார். அராயா கத்துவதைக் குறைத்துப் பாட ஆரம்பித்தது அவருக்குப் பிடிக்கவில்லை. புதிதாகக் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போயிருந்ததால் பாட்டு எழுதுவதிலும் அவர் பங்கு குறைவு. ஆக இது பெரிதும் ஹேன்மனின் ஆல்பம். ‘ரெய்ன் இன் பிளட்’டோடு எதைச் செய்தாலும் ஒப்பிடுவார்கள், அதைவிட வேகமாகப் போய்ப் பயனில்லை, வேண்டுமென்றே மெதுவாகப் போவோம் என்று குழு எடுத்த முடிவின் விளைவு இது. வேகத்தால் பெயர் வாங்கியவர்கள், பெயர் வாங்கிய மறு ஆல்பத்திலேயே அந்த வேகத்தைக் கீழே வைத்தார்கள். அந்தத் துணிச்சலை நினைத்தால் எனக்கு இப்போதும் மரியாதை வருகிறது.

முதல் பாட்டின் முதல் நிமிடத்தை மட்டும் சொல்கிறேன். ஊசி தட்டில் இறங்கியதும், கிட்டாரில் வளைந்து வளைந்து நகரும் ஒரு வரி மெதுவாக வருகிறது. இனிமை என்று சொல்ல முடியாது. பக்கத்துப் பக்கத்து ஸ்வரங்களில் உரசிக்கொண்டே போவதால் ஒரு கலக்கம். லொம்பார்டோ உடனே ஓடத் தொடங்குவதில்லை. இடம் விட்டு இடம் விட்டு அடிக்கிறார். அடிக்கும் அடிக்கும் நடுவில் உள்ள காலியிடத்தில் கிட்டார் கம்பி அதிர்ந்து அடங்குவது கேட்கிறது. ஒரு நிமிடத்துக்கும் மேல் குரலே கிடையாது. பிறகு அராயா வருகிறார், அவசரமில்லாமல். ஐந்து நிமிடப் பாட்டு முழுக்க, இதோ பாய்ந்துவிடும் என்று நாம் காத்திருக்கிறோம், பாயவே இல்லை. கேட்கிறவன் வயிற்றில் இறுக்கம் ஏறிக்கொண்டே போகிறது.

அந்த இறுக்கத்தை அடுத்த பாட்டில்தான் அவிழ்க்கிறார்கள். ‘சைலன்ட் ஸ்க்ரீம்’ மூன்று நிமிடம், லொம்பார்டோவின் இரண்டு கால்களும் நிற்காமல் ஓடுகின்றன. முதல் பாட்டில் ஒவ்வொரு அடியையும் தனியாகக் கேட்டுவிட்டதால், இந்த வேகத்திலும் டிரம்ஸ் எங்கே, கிட்டார் எங்கே என்று காது தானாகவே பிரித்துக்கொள்கிறது. நான் ஒரு வருடம் கஷ்டப்பட்டதை இந்த ஆல்பம் எட்டு நிமிடத்தில் சொல்லிக்கொடுக்கிறது. பாட்டு கற்றுக்கொள்கிறவர்களுக்குச் சரளி வரிசையை முதல் காலத்தில் உட்கார வைத்துவிட்டுத்தான் மூன்றாம் காலத்துக்குப் போக விடுவார்கள். ஸ்லேயருக்கு முதல் காலம் இந்த ஆல்பம்.

முதல் பக்கம் முடிவது ‘மாண்டேட்டரி சூசைட்’டில். போருக்கு அனுப்பப்பட்ட ஒரு சிப்பாயின் சாவு. நடை வேகத்தில் ஒரு ரிஃப், அதன் மேல் கடைசியில் அராயா பாடுவதை விட்டுவிட்டுப் பேச ஆரம்பிக்கிறார். அந்தப் பேச்சு மூச்சு வாங்குகிற ஒருவனுடையதைப் போல இருக்கிறது. ‘ரெய்ன் இன் பிளட்’டில் சாவு ஒரு காட்சி. இங்கே அது ஓர் ஆளுக்கு நடக்கிறது. கத்தலைக் குறைத்ததால்தான் இது முடிந்தது. கிங் சொன்ன குறையைத்தான் நான் இந்த ஆல்பத்தின் பலமாகப் பார்க்கிறேன்.

குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். இரண்டாம் பக்கம் நடுவில் தளர்கிறது. ‘கிளென்ஸ் த சோல்’ தனக்குப் பிடிக்கவே பிடிக்காது என்று கிங் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். இந்த ஒரு பாட்டு விஷயத்தில் நானும் அவர் பக்கம். அடுத்து வரும் ஜூடாஸ் பிரீஸ்ட் குழுவின் பாட்டை நன்றாக வாசித்திருக்கிறார்கள், ஆனால் ஆல்பத்துக்குத் தேவையில்லை. கடைசிப் பாட்டு ‘ஸ்பில் த பிளட்’ வந்து எல்லாவற்றையும் மீட்டுவிடுகிறது. முறுக்கல் இல்லாத சுத்தமான கிட்டாரில் தொடங்கும் அந்தப் பாட்டை, மெட்டல் பிடிக்காத என் மனைவிகூட ஒருமுறை கதவருகே நின்று கேட்டாள். இரண்டு வருடம் கழித்து ‘சீசன்ஸ்’ ஆல்பத்தின் தலைப்புப் பாட்டு எப்படி வந்தது என்பதற்கு விடை இங்கே இருக்கிறது.

ஹேன்மனை நினைக்காமல் என்னால் இதைக் கேட்க முடிவதில்லை. ‘ஏஞ்சல் ஆஃப் டெத்’ எழுதியவர் அவர். ‘ரெய்னிங் பிளட்’, ‘சவுத் ஆஃப் ஹெவன்’ இரண்டின் இசையும் அவருடையது. 2011இல் கையில் சதை அழுகும் நோய் வந்து மேடையை விட்டு விலகினார். 2012 அக்டோபரில் குழு பெங்களூரு வந்தபோதும் அவர் இடத்தில் எக்ஸோடஸ் குழுவின் கேரி ஹோல்ட்தான் நின்றார். 2013 மே 2 அன்று ஹேன்மன் இறந்துவிட்டார். வயது 49. அவர் எப்படி யோசித்தார் என்று தெரிந்துகொள்ள ஒரே ஓர் ஆல்பம் போதும் என்றால், அது இதுதான்.

என் அக்கா மகனுக்கு இதுதான் என்பதற்கு இன்னொரு காரணம், அவன் மெட்டாலிகாவிலிருந்து வருகிறான். மெதுவாகத் தொடங்கி ஏறும் பாட்டுகள் அவனுக்குப் பழக்கம். பங்க் இசை கேட்டு வளர்ந்து, ஒன்றரை நிமிடப் பாட்டுகளில் ஊறியவர் யாராவது கேட்டிருந்தால் யோசிக்காமல் ‘ரெய்ன் இன் பிளட்’ என்றிருப்பேன். ஹேன்மனே ஹார்ட்கோர் பங்க் கேட்டுத்தான் அந்த வேகத்துக்கு வந்தார். மெட்டல் பிடிக்குமா பிடிக்காதா என்றே தெரியாமல், காசு செலவழிக்காமல் போனில் கேட்டுப் பார்க்கிறேன் என்பவருக்கு ‘சீசன்ஸ்’. தட்டு வாங்கி, திரும்பத் திரும்பப் போட்டு, ஒரு குழுவோடு பல வருடம் பழகப்போகிறவனுக்கு ‘சவுத் ஆஃப் ஹெவன்’. அடுத்த சம்பளத்தில் ‘ரெய்ன் இன் பிளட்’, அதற்கடுத்து ‘சீசன்ஸ்’. வெளிவந்த வரிசையில் முதல் இரண்டை மட்டும் இடம் மாற்றினால் போதும்.

இதையெல்லாம் போனில் அவனிடம் சொன்னேன். “எல்லாரும் ‘ரெய்ன் இன் பிளட்’தான் சொல்றாங்க மாமா” என்றான். “சொல்லட்டும். நீ இதை வாங்கு. பிடிக்கலைன்னா தட்டை நான் எடுத்துக்கறேன், பணம் தந்துடறேன்” என்றேன்.

பத்து நாள் கழித்து ராத்திரி பதினொரு மணிக்குக் கூப்பிட்டான். பின்னால் தட்டு ஓடும் சத்தம். “மாமா, திருப்பிப் போட்டேன். ரெண்டாவது பக்கம் முதல் பாட்டு, ‘கோஸ்ட்ஸ் ஆஃப் வார்’. ஆரம்பத்துல வேற ஏதோ பாட்டு தூரத்துலேர்ந்து வர மாதிரி இருக்கே, அது என்ன?”

அது ‘கெமிக்கல் வார்ஃபேர்’ பாட்டின் முடிவுப் பகுதி. 1984இல் வந்த ‘ஹாண்டிங் த சேப்பல்’ என்ற சின்ன ரெக்கார்டில் இருக்கிறது. அதைச் சொன்னதும், “அதையும் வாங்கணுமா அப்போ?” என்று கேட்டான். அடுத்த முறை வீட்டுக்கு வரும்போது என்னிடம் இருப்பதை எடுத்துக்கொண்டு போகச் சொல்லியிருக்கிறேன்.